ஒருக்கா நினைச்சு எழும்புறது

மூச்சு விடுங்கோவாம்! முப்பத்தஞ்சு வருஷமா நான் என்னத்தத்தான் விட்டுக்கொண்டிருந்தன், சொல்லுங்க பாப்பம்? வெள்ளென எழும்பி, புள்ளைக்குப் பால் குடுத்து, கல்லாத்தில பஸ் ஏறி, பாலம் தாண்டி வந்து, நம்பர் எடுத்து, இந்த வாங்கில ரெண்டு மணித்தியாலமாக் குந்திக்கொண்டிரிக்கன்... என்னத்துக்கு? மூச்சு விட! இருங்க புள்ள, இருங்க. அந்த மூலைக்குப் போகாதீங்க, அங்க ஃபேன் காத்து வராது. இஞ்சால தள்ளி இருங்க. உங்கட நம்பர் எத்தின? பதினாறா? நான் பதினேழு. உங்களுக்குப் புறகு நான்தான். அப்ப ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருப்பம்.

கைப்புள்ள எங்க? ஆ, வெளியில உம்மாட கையிலயா. நல்லது நல்லது. காத்தான்குடியா? பேரென்ன? ஸகியா. நல்ல பேர். எத்தின நாள்? நாப்பத்திரெண்டா! தலைப்புள்ளதானே? கேக்கத் தேவையில்ல, முகத்தில எழுதி ஒட்டியிரிக்கு, நித்திரையக் கண்டு ஒண்டரை மாசம் எண்டு. எனக்கு இது ரெண்டாவது. பொடியனுக்கு அஞ்சு மாசம். மூத்தவ மெலனி, நாலு வயசு. நான் சுஜீவா. கல்லடியில பீட்டி டீச்சர். நெற்போல் விளையாட்டுப் பழக்குறனான். ஓம், ஓம், சிரிக்காதீங்க, எக்சசைஸ் சொல்லிக் குடுக்குற டீச்சருக்குத்தான் எக்சசைஸ் சொல்லிக் குடுக்குறாங்க இஞ்ச. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். பதினொரு வருஷமா நாப்பது பொட்டப் புள்ளைகள வெயில்ல படுக்கவச்சு, "ஒண்டு! ரெண்டு! முதுக வளைக்காத!" எண்டு விசிலடிச்சுச் சிட்டப் எடுப்பிச்சவள் நான். எனக்கு அந்த பிசியோதெரபி மிஸ் சொல்லுறா, "அக்கா, படுத்துக்கிடந்து மூச்சு விடுங்கோ, அது காணும்" எண்டு. காணுமாம்!

எப்புடி இது தொடங்கினது தெரியுமா? பஸ்ஸில. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் போற முதல் நாள். முன்சீட்டில கர்ப்பிணித் தாய்மாருக்கு எண்டு எழுதியிரிக்குமே, அதில இருந்த ஒரு சின்னப் பெட்டை என்னைக் கண்டதும் பதறி எழும்பி, "அன்ரி இருங்க" எண்டா. புள்ளையப் பெத்து நாலு மாசம், வயிறு அப்புடியே முன்னுக்கு நிக்குது! இல்ல புள்ள எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லல்லையே. கால் வேற உளைஞ்சிச்சு. இருந்துட்டன். பக்கத்தில இருந்த மனிசி குனிஞ்சு என்ட வயித்தப் பாத்து, "எத்தினையாம் மாசம்?" எண்டு கேட்டா. என்ட வாய்க்குள்ள என்ன பேய் இருந்திச்சோ, "ஏழு" எண்டன்!

ஐயோ, நீங்க சிரிக்கிறீங்க. அடுத்த கிழமையும் அதே பஸ், அதே மனிசி. "நல்லா இரிக்கிறீங்களா, எட்டுத் தொடங்கிட்டுதா?" ஓம் எண்டன். வேற என்னத்தச் சொல்ல? மறுகா ஒரு நாள் ஒரு பையில மாதுளம்பழம் கொண்டுவந்து தந்தா, ரத்தத்துக்கு நல்லதாம். வாங்கித் திண்டுட்டன், அதையும் சொல்லணும். இப்ப எனக்கு ஒம்பதாம் மாசம். அதால அந்த பஸ்ஸ விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் ரோட்டில நிக்கிறன். பிரின்சிபல் ஏன் பிந்துறீங்க டீச்சர் எண்டு கேக்குறார். அவருக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்த ஏலுமா?

அண்டைக்குப் பின்னேரம் மிட்வைஃப் அக்கா வீட்ட வந்தவ. பொடியன நிறுத்துப் பாத்துட்டு, என்னையும் படுக்கச்சொல்லி வயித்தத் தொட்டுப் பாத்தா. "டீச்சர், தலைய மட்டும் கொஞ்சம் தூக்குங்க" எண்டா. தூக்கினன். கடவுளே... தொப்புளுக்கு மேல நடுவால ஒரு வரம்பு எழும்பிச்சு பாருங்க. தோணியக் கவுத்துப் போட்ட மாதிரி! நான் பயந்து தலையப் போட்டுட்டன். அவ சொன்னா, வயித்தில இந்தப் பக்கம் ஒரு சதை, அந்தப் பக்கம் ஒரு சதை, ரெண்டும் நடுவில ஒட்டி இருக்குமாம். புள்ள வளரக்குள்ள இடம் விட்டு விலகிப் போகுமாம். பெத்த புறகு கனபேருக்குத் தன்பாட்டில கிட்ட வந்துருமாம், சில பேருக்குச் சுணங்குமாம். பயப்பிட ஒண்டும் இல்ல, கிளினிக்கில காட்டுங்க எண்டா. எல்லாருக்கும் கிட்ட வருது, எனக்கு மட்டும் சுணங்குது. பீட்டி டீச்சருக்கு!

பாத்தீங்களா, தும்முறாங்க யாரோ உள்ளுக்கு. தும்மல் எண்டோண்ண ஞாபகம் வருது... கிட்ட வாங்க, சத்தமாச் சொல்ல ஏலா. தும்மினா உங்களுக்கும் கொஞ்சம்... ஓமா? ஆ! நான் நினைச்சன் எனக்கு மட்டும்தான் எண்டு. மாதாவே, இத யாருமே சொல்லமாட்டாங்க. புள்ளைக்கு முடி எடுக்குறதப் பத்தி நாப்பது பேர் சொல்லுவாங்க, இதப் பத்தி ஒரு மனிசி வாய் திறக்காது. வெக்கப்படாதீங்க, உள்ளுக்குப் போனோண்ண மிஸ்ஸிட்டச் சொல்லுங்க. அதுக்கும் பயிற்சி இரிக்கு. நானும் போனமுறை சொன்னனான். "விசிலையும் கொஞ்ச நாளைக்கு மெதுவா ஊதுங்கோ அக்கா" எண்டா. மெதுவா ஊதுற விசிலுக்கு எந்தப் புள்ள நிக்கும்?

அப்ப வந்தன் இஞ்ச, அஞ்சு கிழமைக்கு முந்தி. மிஸ்ஸ உங்களுக்குத் தெரியும்தானே? யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சொல்லப்படா, தங்கமான பிள்ளை, கை பஞ்சு. ஆனா அவட தமிழ் இரிக்கே! சும்மாவே ஓடுற தமிழ். அதில அரைவாசி மாஸ்குக்குள்ள போயிரும், மிச்சம் அந்த ஃபேன் சத்தத்துக்குள்ள போயிரும். எனக்கு வாறது வால் மட்டும்தான், "ங்கோ... ங்கோ..." எண்டு. திருப்பித் திருப்பிக் கேக்க எனக்கு வெக்கம். டீச்சர் இல்லையா நான். எல்லாத்துக்கும் தலைய ஆட்டினன்.

தொப்புளுக்கு மேல விரல வச்சு அளந்தா. "மூண்டரை விரல்" எண்டா. இது என்ன அளவு எண்டு கேக்குறன் நான்? யார்ர விரல்? வீட்ட போய்ச் சொன்னன். என்ட மனிசன் றொனால்ட், மேசன் பாஸ். சீமெந்து குழைச்சுக் குழைச்சு அந்த மனிசன்ட விரல் ஒவ்வொண்டும் வாழைப்பழம். வச்சுப் பாத்துட்டு, "ரெண்டுதான் வருது, அந்தப் பிள்ளைக்கு அளக்கத் தெரியா" எண்டுட்டார். மச்சாள் அஜந்தா தையல்காரி, விரல் தும்புத்தடிக் குச்சி. அவ வச்சுப் பாத்துட்டு, "ஐயோ மச்சாள், அஞ்சு!" எண்டு அழத் தொடங்கிட்டா. ஒரே வயிறு, ஒரே பின்னேரம்! றொனால்ட் நாடியில கைய வச்சு யோசிச்சுட்டுச் சொல்லுறார், "சுவர் வெடிப்பெண்டா ரெண்டு கரண்டி சாந்து அடிச்சுப் பூசிவிடுவன்கா, இதுக்கு என்னத்த வைக்க?" எண்டு. அந்தக் கவலையில சிரிக்கிறதா அழுறதா எண்டு எனக்குத் தெரியல்ல. சிரிச்சா வயிறு எழும்புது.

மாமி ஒரு பக்கம். என்ட மனிசன்ட அம்மா, ஞானமலர் மாமி. அவட கணக்கில எல்லாம் சீலை கட்டாத குத்தம். பெத்த வயித்தில சீலைய இறுக்கிக் கட்டணும், அவ பத்து நாள் கட்டினவ, எனக்கு மூச்சு முட்டுது எண்டு நான் கழட்டி எறிஞ்சனான். அண்டையில இருந்து வீட்டுக்கு வாற ஒவ்வொருத்தருக்கும், "கட்டியிருந்தா வத்தியிருக்கும்" எண்டு சொல்லுறதுதான் வேலை. மிஸ்ஸிட்டக் கேட்டன். அப்புடி இறுக்கிக் கட்டினாப்போல சதை ஒட்டாதாம், கீழால பாரம் கூடுமாம். மாமிட்டப் போய்ச் சொன்னன். "அந்தப் பிள்ளை எத்தின பெத்தது?" எண்டு கேட்டா. நான் என்ன, பதிவு எடுத்துக்கொண்டா வந்தன்? ஆனா பால்சுறா மீனுக்கு மிளகு, சீரகம் எண்டு சரக்கு அரைச்சு ஆக்கித் தந்தா பாருங்க, அதுக்கு ஒரு குறை சொல்லமாட்டன். வாயில வச்சா எல்லாக் கோவமும் போயிரும்.

இல்ல புள்ள, எனக்கு வடிவு வேணும் எண்டில்ல. வயிறு கிடந்துட்டுப் போகட்டும். நெற்போல் உடுப்பு இறுக்கமெண்டா பெரிசா ஒண்டு தைப்பம். எனக்கு மெலனிதான்.

மிஸ் அண்டைக்குக் கடைசியாச் சொன்னது அது. "சின்னவரைத் தூக்கலாம், மூத்தவவைத் தூக்கக்கூடாது, இடைவெளி ரெண்டு விரலுக்கு வரட்டும், பிறகு பாப்பம்" எண்டு. பதினாறு கிலோ புள்ள அது. பொடியன் பிறக்குமட்டும் என்ட இடுப்பில இருந்து இறங்காதவ. பள்ளிக்கூடத்தால வந்தா வாசல் கேற்றடியில இருந்து ஓடி வருவா, அப்புடியே அள்ளி இடுப்பில வைக்கணும். இப்ப ஓடி வாறா, என்ட முழங்காலடியில வந்து நிக்கிறா, கைய மேல நீட்டுறா... நான் குனிஞ்சு கொஞ்சுறன். கொஞ்சினா காணுமா? அவவுக்குத் தூக்கணும். தம்பியத் தூக்குறீங்கதானே எண்டு கேக்குறா. என்னத்தச் சொல்லுறது? வயித்துக்குள்ள ஒரு இடைவெளி இரிக்கு மகள், அது ரெண்டு விரலுக்கு வந்தோண்ண அம்மா தூக்குவன் எண்டன். அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் என்ட சட்டைய உயத்தி, தன்ட குஞ்சு விரல வச்சு அளக்குறா. அவட விரலுக்கு ஆறு! "ஆறு அம்மா" எண்டு சொல்லிப்போட்டு முகத்தத் தொங்கப் போட்டுக்கொண்டு போறா. இண்டைக்கு நான் வெளிக்கிடக்குள்ள ரெண்டு விரலக் காட்டினா, இப்புடி. "ரெண்டோட வாங்க" எண்டு, கடைக்கு அனுப்புற மாதிரி.

ஐயோ, நான் ஒண்டும் அழல்ல. இந்த ஃபேன் காத்துக்குக் கண் எரியுது.

அப்ப நான் சும்மா இருந்தனா எண்டு கேளுங்க. முதல் பத்து நாள், உண்மையச் சொல்லுறன், களவாச் சிட்டப் எடுத்தனான். மிஸ் செய்யக்கூடாது எண்டு நாலு தரம் சொன்னவ. அதுமட்டும் எனக்கு நல்லாக் கேட்டது. ஆனா பதினொரு வருஷம் படிப்பிச்ச வாய் கேக்குமா? சிட்டப் இல்லாம வயிறு எப்புடி வத்தும் எண்டு, அறைக் கதவச் சாத்திப்போட்டு நாப்பது. மாமி நான் செபிக்கிறன் எண்டு நினைச்சுக் குசினிச் சத்தத்தையும் குறைச்சா. பத்தாம் நாள் பாத்தன், அந்த வரம்பு இன்னும் உயந்து நிக்குது. முதுகு விண்விண் எண்டு உளையுது. பயந்துட்டன். அண்டைக்கே விட்டன். மாதாமேல ஆணையா, அண்டையில இருந்து ஒரு சிட்டப் எடுக்கல்ல. ஒண்டு! ஒண்டே ஒண்டு எடுத்திருந்தாக் கேளுங்க.

மூச்சுப் பயிற்சியும் செய்யுறன். அலுப்புத்தான். மல்லாக்கப் படுத்து, முழங்கால மடிச்சு, மூச்ச வெளிய விடக்குள்ள தொப்புள மெதுவா உள்ளுக்கு எடுக்கணும், அதோட கீழால மூத்திரத்த அடக்குற மாதிரி மேல தூக்கணும், புறகு தளத்தணும். மூச்ச அடக்கப்படா. பத்துத் தரம். மெலனிதான் எண்ணுறவ. ஆறு சொல்லிட்டு நேர எட்டுக்குப் போயிருவா, ஏழு அவட கணக்கில இல்ல. அதால எனக்கு எப்பவும் ஒம்பதுதான். அவ எண்ணுறதுக்காகத்தான் செய்யுறன், இல்லாட்டி மூச்சு விட்டு வயிறு வத்தும் எண்டு எந்த மடையன் நம்புவான்?

ஆனா மிஸ் சொன்னதில ஒண்டே ஒண்ட நான் பிசகாமச் செய்யுறன் பாருங்க. அத நான் மெச்சத்தான் வேணும். படுக்கையால எழும்பக்குள்ள, "ஒருக்கா நினைச்சு எழும்புங்கோ" எண்டு சொன்னா. அது எனக்குப் பிடிச்சுப் போயித்து. எவ்வளவு நல்ல யோசனை! நம்மட ஆக்கள் படுக்கையால எழும்புறதே ஓட்டம். புள்ள அழுகுது, பானை பொங்குது, பேயடிச்ச மாதிரி எழும்புறம். அதுக்குத்தான் மிஸ் சொல்லுறா, ஒருக்கா நில், ஒருக்கா நினை, புறகு எழும்பு எண்டு. மனசு அமைதியானா உடம்பும் அமைதியாகும் போல எண்டு நான் நினைச்சன். அண்டையில இருந்து ஒரு தரம் தவறவிட்டதில்ல. மல்லாக்கக் கிடந்து, கண்ண மூடி, ஒருக்கா நினைச்சு... டக்கெண்டு நிமிந்து இருந்துருவன். பீட்டி டீச்சர்ர எழும்பல்!

வீட்டில எல்லாருக்கும் பழகிட்டுது. பொடியன் கத்துவான், நான் எழும்பப் போவன், றொனால்ட் பாயில கிடந்துகொண்டே, "நினைச்சியாகா?" எண்டு கேப்பார். நினைச்சன் எண்டு சொல்லிப்போட்டு எழும்புவன். மாமிக்கு இது பெரிய புதினம். அந்தப் பிள்ளை பக்தியான பிள்ளை எண்டு அண்டைக்குத்தான் அவட வாயால ஒரு நல்ல சொல் வந்திச்சு. புதன்கிழமைச் செபக்கூட்டத்திலயும் போய்ச் சொல்லிட்டா. இப்ப எங்கட தெருவில கனபேர் ஒருக்கா நினைச்சுத்தான் எழும்புறாங்க. இடுப்புக்குப் பின்னால நாரி உளைவு இருந்த ஒரு மாமிக்குக் குறைஞ்சிட்டுதாம்!

என்னத்த நினைக்கிறதெண்டா? முதல்ல மாதாவ நினைச்சன். புறகு நேரத்தோட நேரம் பல யோசனை வரும்தானே, பால்மா முடிஞ்சுது, அந்த பஸ் மனிசி, இந்த முறை வலயப் போட்டிக்கு உயரமான புள்ள ஒண்டும் இல்ல... இப்ப கொஞ்ச நாளா ஒண்டுதான் வருது. கேற்றடியில இருந்து மெலனி ஓடி வாறா. நான் அள்ளி இடுப்பில வைக்கிறன். அவ்வளவுதான். அத நினைச்சுட்டு எழும்புவன்.

என்ன புள்ள, ஒரு மாதிரிப் பாக்குறீங்க? என்னவும் சொல்லப் போறீங்களா? சொல்லுங்க சொல்லுங்க, நான் கேக்குற ஆள். பையில என்னத்தத் தேடுறீங்க? ஆ, மிஸ் தாற அந்தப் பயிற்சிப் பேப்பரா? எனக்கும் தந்தவதான். பேப்பர் என்னத்துக்கு எனக்கு, நான் இதப் படிப்பிக்கிற ஆள். பின்பக்கம் வெறுமையாக் கிடந்திச்சு, நெற்போல் பொசிசன் கீறினன். முன்பக்கம் ஒரு பொம்பிளை படுத்திருக்கிற படம் ஒண்டு இரிக்கே, மெலனி அதுக்கு மீசை வச்சு நிறம் தீட்டிட்டா. நித்திரை கொள்ளுங்க எண்டு சொல்லுறாங்களாக்கும் எண்டு நான் நினைச்சன், அஞ்சு மாசப் புள்ளையோட நித்திரை எங்க... பதினாறு! உங்களத்தான் கூப்பிடுறாங்க. ஓடுங்க. ஓடாதீங்க, மெதுவாப் போங்க. தும்மல் கதையச் சொல்ல மறக்காதீங்க! இஞ்ச, புள்ள! பேப்பர என்ட மடியில வச்சுட்டுப் போறீங்க! ஸகியா!

போயிட்டா. வாய் திறந்து ஒரு சொல் சொல்லல்ல, பேப்பர மட்டும் விரிச்சு வச்சுட்டுப் போறா. நல்ல பிள்ளை, ஆனா ஊமை போல.

என்ன, இதில பேனையால வட்டம் வேற போட்டிரிக்கு. மீசை இல்லாத பொம்பிளை. ஓம், ஒரு பக்கமாக் கிறுகிப் படுத்துத்தான் இரிக்கா. கைய நிலத்தில ஊண்டுறா... இது நித்திரை இல்ல போலயே. என்ன எழுதியிரிக்கு? "படுக்கையிலிருந்து நேராக எழும்ப வேண்டாம். ஒருக்கணித்துப் படுத்து, கையை ஊன்றி எழும்பவும்."

ஒருக்கணித்து.

ஒருக்... கணிச்சு... எழும்புங்கோ.

ஒருக்கா நினைச்சு எழும்புங்கோ.

ஐயோ மாதாவே!

ஒருக்கணிச்சு எண்டா சொன்னவ! சரிஞ்சு படுத்து எழும்பு எண்டு! எங்கட பக்கம் யார் ஒருக்கணி எண்டு சொல்லுறாங்க? கிறுகிப் படு எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா என்ட மாமியில இருந்து மெலனி வரைக்கும் விளங்கியிருக்கும். கிறுகு! மூண்டே எழுத்து! இல்ல, அந்தப் பிள்ளையில குத்தம் இல்ல. அவ அவட தமிழில சரியாத்தான் சொல்லியிரிக்கா. பேப்பர்லயும் போட்டுத் தந்திரிக்கா, படமும் கீறித் தந்திரிக்கா. படத்துக்கு மீசை வச்சது என்ட வீட்டில. என்ன சொன்னீங்க மிஸ் எண்டு ஒருக்காக் கேட்டிருந்தா என்ட டீச்சர் வேலை போயிருக்குமா?

இருங்க, இருங்க. மல்லாக்கக் கிடந்து நேர நிமிந்து எழும்புறதுக்கு என்ன பேர்? சுஜீவா டீச்சர், சொல்லுங்க பாப்பம். பதினொரு வருஷம் விசிலடிச்சீங்களே. அதுதானே சிட்டப்! மாதாமேல ஆணை வச்சன் ஒண்டும் எடுக்கல்ல எண்டு! பகலும் ராவும் புள்ளைக்குப் பால், துணி, மெலனிக்குத் தண்ணி... ஒரு நாளைக்குக் குறைஞ்சது இருவது தரம் எழும்புறன். அஞ்சு கிழமை, முப்பத்தஞ்சு நாள். எழுநூறு! கண்ண மூடி, பக்தியா, எழுநூறு சிட்டப்! அதுவும் காணாதெண்டு ஒரு தெருவையே எடுக்க வச்சிரிக்கன். அந்த நாரி உளைவு மாமி... அவவுக்கு எப்புடிக் குறைஞ்சிச்சு?

மெலனியத் தூக்குறத நினைச்சு நினைச்சே, அவளத் தூக்க ஏலாமப் பண்ணியிரிக்கன்.

பதினேழா? வாறன்... வாறன் மிஸ்.

வணக்கம் மிஸ். ஓம், படுக்கிறன். அளக்க முந்தி உங்களுக்கு ஒண்டு சொல்லணும், நீங்க ஏசப்படா. ஏசினாலும் பரவாயில்ல, மாஸ்கக் கழட்டிப்போட்டு ஏசுங்க, எனக்கு விளங்கட்டும். போனமுறை நீங்க எழும்புறதப் பத்திச் சொன்னீங்கதானே... ஒருக்கணிச்சு எண்டு. எனக்கு அது ஒருக்கா நினைச்சு எண்டு கேட்டிட்டுது. ஓம். நினைச்சு. நினைச்சு நினைச்சு எழும்பினனான் மிஸ், அஞ்சு கிழமையா. நேர. சிரிங்க, பரவாயில்ல. நல்லாச் சிரிங்க. உள்ள வந்த அந்தக் காத்தான்குடிப் பிள்ளையும் இதச் சொல்லித்தான் சிரிச்சவவா? ஆ, அப்ப அவவுக்கு வாய் இரிக்கு.

சரி, அளங்க. தலைய மட்டும் தூக்குறன். நான் பாக்கமாட்டன், கண்ண மூடிக்கொள்ளுறன்.

எத்தின? மூண்டா?

மூண்டு... ஆனா போனமுறை மூண்டரை. அப்ப குறைஞ்சிரிக்கா மிஸ்? எழுநூறு எடுத்தும் அரை விரல் குறைஞ்சிரிக்கா! மூச்சாலயா? அந்த மூச்சாலயா? ஏழ விட்டுட்டு ஒம்பது தரம் விட்ட மூச்சா?

ரெண்டுக்கு வரல்லத்தான். தெரியும். இல்ல, அழல்ல. புள்ள ரெண்டோட வாங்க எண்டு சொல்லி அனுப்பினவ, அதுதான். கேற்றடியில நிப்பா. நான் என்னத்தச் சொல்லுறது அவவுக்கு? என்ன? தூக்கவேணாம்... நான் கதிரையில இருந்தா? அவ தன்பாட்டில ஏறி மடியில இருக்கலாமா? அதுக்கு வயித்தில பாரம் இல்லையா? ஏறினாப் புறகு கட்டிப் பிடிக்கலாமா, எவ்வளவு நேரமும்? ஏன் மிஸ் இத நான் அஞ்சு கிழமையா யோசிக்கல்ல? தூக்குறது தூக்குறது எண்டு நிண்டுட்டன். கேற்றடியில ஒரு கதிரை போட்டா முடிஞ்சுதே! றொனால்டுக்குச் சொல்லி ஒரு சின்ன வாங்கே கட்டுவிக்கிறன், மேசன் பாஸ்தானே, அதுக்காவது அந்தச் சாந்து உதவட்டும்.

ஓம் மிஸ், அடுத்த முறை ரெண்டோட வாறன். இல்ல, இனி நேர எழும்பமாட்டன். காட்டித்தாங்க, இந்த முறை கண்ணால பாக்குறன். முழங்கால மடிச்சு... தோளும் இடுப்பும் சேத்து ஒண்டாக் கிறுகி... கைய ஊண்டி... மூச்ச விட்டுக்கொண்டு. ஓம், ஓம், விளங்கிட்டுது. விளங்காட்டி இந்த முறை கேப்பன்.

எழும்பவா? பொறுங்க மிஸ், ஒரு நிமிஷம். இல்ல, உளைவில்ல. கிறுகித்தான் எழும்புவன், பயப்பிடாதீங்க. ஆனா பழகிட்டுது, விட ஏலாது... ஒருக்கா நினைச்சுட்டுக் கிறுகுறன்.